ஏழு கேள்விகளில் இல்லாத இரத்தம்

யூராலஜி புறநோயாளிப் பிரிவுக்கு வரும் ஐம்பது வயது கடந்த ஆண்களிடம் உலகின் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே தாளைத்தான் நீட்டுகிறார்கள். சிறுநீர் கழித்து முடித்த பிறகும் பை காலியாகாத உணர்வு இருக்கிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் போக வேண்டியிருக்கிறதா, நின்று நின்று வருகிறதா, அடக்க முடியாத அவசரம் உண்டா, தாரை மெலிந்திருக்கிறதா, முக்கித் தொடங்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழ நேர்கிறது என்ற ஏழு கேள்விகள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டினால், 7 வரை லேசான தொல்லை என்றும், 8 முதல் 19 வரை நடுத்தரம் என்றும், 20 முதல் 35 வரை கடுமை என்றும் கொள்ளப்படும். 1992இல் அமெரிக்க யூராலஜி சங்கம் வகுத்த இந்த அட்டவணையே, வாழ்க்கைத் தரம் பற்றிய எட்டாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, பின்னர் சர்வதேச அளவீடாயிற்று.

சிறுநீரில் எப்போதாவது இரத்தம் கலந்து வந்ததா என்று அந்தத் தாள் கேட்பதில்லை. வகுத்தவர்களின் கவனக்குறைவு என்று இதைச் சொல்லிவிட முடியாது. தொல்லை எவ்வளவு என்று அளப்பதற்குப் பிறந்த தாள் அது, தொல்லைக்குக் காரணம் எது என்று துப்புத் துலக்கும் பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை. எனினும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள உறவை ஆராயப் புகும்போது, ஆய்வேடுகள் குவித்துள்ள விகிதங்களைக் காட்டிலும் இந்த விடுபட்ட கேள்வியே அதிகம் உணர்த்துகிறது. முன்னது பின்னதை உண்டாக்குகிறதா என்ற வழக்கு நாற்பது ஆண்டுகளாகத் தீர்ப்பின்றி நீள்கிறது. முன்னது பின்னதை மறைத்து நிற்கக்கூடும் என்பதிலோ மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

பையும் வாசலும்

சிறுநீர்ப்பையின் கழுத்துக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி வளையம் போல் அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. விந்தில் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. இளமையில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள இச்சுரப்பியை அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஜான் மெக்நீல் மண்டலங்களாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான், வயதான காலத்தில் வரும் சாதாரண வீக்கம் குழாயை ஒட்டிய உட்பகுதியில் தோன்றுகிறது என்பதும், புராஸ்டேட் புற்றுநோயில் பெரும்பங்கு வெளிமண்டலத்தில் தோன்றுகிறது என்பதும் தெளிவாயின. ஒரே சுரப்பியில் வெவ்வேறு இடங்களில் முளைக்கும் இரு வேறு நோய்கள் அவை. வீக்கம் முற்றிப் புற்றாகிவிடும் என்ற பரவலான அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

வீக்கம் என்று பேச்சில் சொன்னாலும் நடப்பது செல்களின் பெருக்கம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 5-ஆல்பா ரிடக்டேஸ் என்னும் நொதி இன்னும் வீரியமுள்ள டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்ற, அது புராஸ்டேட் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. இறந்தோர் உடல்களில் நடத்திய ஆய்வுகளின்படி, ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடமும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேலும் இந்தப் பெருக்கம் நுண்ணோக்கியில் தென்படுகிறது. அவர்கள் எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை. சுரப்பியின் பருமனும் தொல்லையின் அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதுமில்லை.

வாசல் குறுகும்போது பை சும்மா இருப்பதில்லை. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அதன் தசை தடிக்கிறது. உள்ளே நோக்கினால், ஓட்டுக் கூரையின் அடியில் தெரியும் சட்டங்களைப் போலத் தசைப்பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் புடைத்திருக்கும். காலம் செல்லச் செல்ல, அந்தப் பட்டைகளுக்கு இடையிலான பலவீனமான இடங்களில் உட்சவ்வு வெளிப்புறமாகப் பிதுங்கிப் பக்கப்பைகளாகத் தொங்குகிறது. ஆரோக்கியமான ஒருவர் கழித்து முடித்ததும் பையில் 50 மில்லிக்கும் குறைவாகவே நீர் தங்கும் என்றிருக்க, அடைப்புள்ளவரிடம் 200 மில்லியோ அதற்கு மேலோ மிஞ்சலாம். தேங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன, கற்கள் உருவாகின்றன, கூடவே சிறுநீர் சுமந்து வந்த கழிவுகள் சுவரைத் தொட்டபடி நெடுநேரம் நிற்கின்றன.

சுவரைத் தொட்டு நிற்கும் நஞ்சு

இந்தக் கடைசிச் செய்தியில்தான் இரு நோய்களையும் இணைக்கும் கருதுகோளின் வேர் இருக்கிறது. சிறுநீர்ப்பையின் உட்புறத்தை, விரிந்தும் சுருங்கியும் கொடுக்கக்கூடிய ஒரு தனிவகைச் செல்லடுக்கு போர்த்தியிருக்கிறது. யூரோதீலியம் என்று அதற்குப் பெயர். பத்தில் ஒன்பது சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் இந்த அடுக்கிலிருந்தே தொடங்குகின்றன. உடலுக்குள் எந்த வழியாக நஞ்சு புகுந்தாலும், கல்லீரல் அதை மாற்றியமைக்க, சிறுநீரகங்கள் வடிகட்டி அனுப்ப, கடைசியில் மணிக்கணக்கில் அதோடு முகத்தோடு முகம் வைத்திருக்க நேர்வது இந்த அடுக்குக்குத்தான்.

1895இல் ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் என்னும் கருஞ்சிவப்புச் சாயம் தயாரித்த தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை எடுத்துச் சொன்னபோது, மூச்சிலும் தோலிலும் பட்ட ஒரு பொருள் தொலைவிலுள்ள பையில் எப்படி நோயாகிறது என்ற கேள்வி எழுந்தது. 1938இல் வில்ஹெல்ம் ஹூப்பர் குழுவினர் 2-நாஃப்தைலமைன் என்ற அரோமாட்டிக் அமைனை நாய்களுக்குக் கொடுத்துச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். 1954இல் பிரிட்டனில் ராபர்ட் கேஸ் குழுவினர் இரசாயனத் தொழிலாளர்களின் இறப்புப் பதிவுகளைக் கொண்டு அதையே மனிதரிடத்தில் நிறுவினார்கள். சாயப் பட்டறைக்குள் காலெடுத்து வைக்காதவருக்கும் இதே குடும்பத்து வேதிப்பொருள்கள் புகையிலைப் புகை வழியே கிடைத்துவிடுகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்பது இன்று ஏற்கப்பட்ட கணக்கு. நுரையீரலுக்கு என்ன ஆகும் என்பதை பீடிக்கட்டின் மேலேயே அச்சிட்டு எச்சரிக்கிறோம். மூத்திரப்பைக்கும் அது நஞ்சு என்பது புகைப்பவர்களில் பெரும்பாலோரின் காதில் விழுந்ததே இல்லை.

நஞ்சு சுவரைத் தொட்டு நிற்கும் நேரம் நீளுந்தோறும் ஆபத்து கூடும் என்றால், அடிக்கடி பையைக் காலி செய்பவருக்கு அது குறைய வேண்டும். இந்தக் கோணத்தில் 1999இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு பெரும் கவனம் பெற்றது. 47,909 அமெரிக்க ஆண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து நோக்கியதில் 252 பேருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தது. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டருக்கு மேல் நீர்ம உணவு கொண்டவர்களின் ஆபத்து, 1.3 லிட்டருக்கும் குறைவாகக் கொண்டவர்களின் ஆபத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஆனால் பின்னர் ஐரோப்பாவில் பல நாடுகளை உள்ளடக்கி நடந்த பெரிய ஆய்வில் இத்தொடர்பு தென்படவில்லை, அதே அமெரிக்கக் குழுவைக் கூடுதல் காலம் நோக்கியபோதும் அதன் வலு குறைந்தது. தண்ணீர் குடித்தால் புற்றுநோய் வராது என்று எழுதிவிடும் துணிவு இந்தச் சான்றுகளுக்கு இல்லை. என்றாலும் புராஸ்டேட் தொல்லை உள்ளவர் நடைமுறையில் செய்வது இதற்கு நேர்மாறானது என்பதைக் கவனிக்க வேண்டும்: பேருந்துப் பயணத்துக்கு முன்பும், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதும், இரவு ஏழு மணிக்கு மேலும் அவர் தண்ணீரைத் தொடுவதில்லை, இதனால் குறைந்த அளவில் செறிந்து இறங்கும் சிறுநீர் முழுதாக வெளியேறாத பையில் நிற்கிறது.

எண்களை எடை போடுதல்

தேக்கமும் தொற்றும் கல்லும் ஒரே பையில் கூடும்போது புற்றுநோய் கூடுகிறதா என்று பார்ப்பது நியாயமான கேள்விதான். 1983இலேயே டென்மார்க் ஆய்வாளர் இருவர் புராஸ்டேட் பெருக்கத்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான சாத்தியக் காரணிகளில் ஒன்றாக முன்வைத்தனர். அதற்குப் பின் வந்த ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இரு வகை ஆய்வுகளையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தது. புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் எதிரெதிரே வைத்துப் பழைய வரலாற்றைக் கேட்கும் ஆய்வுகளில், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்க்கு ஆபத்து 2.5 மடங்காகத் தெரிந்தது. வீக்கம் உள்ளவர்களை முதலில் பதிவுசெய்து ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகளிலோ அது ஏறத்தாழ 1.6 மடங்காகக் குறைந்தது. கேள்வி கேட்கும் முறை மாறியதும் விடை இவ்வளவு சுருங்குவதே, எண்ணுக்குள் நோயைத் தவிர வேறு எதுவோ கலந்திருக்கிறது என்பதற்கு அறிகுறி.

அப்படிக் கலப்பவற்றில் முதலாவது வயது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அறுபதுக்கு மேல் வருவது, புராஸ்டேட் வீக்கமும் அப்படியே. ஒரே வயதில் வரும் இரண்டைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் உறவு இருப்பது போலத்தான் தோன்றும். வயதைக் கணக்கில் கழித்த பின்னும் ஒன்று மிஞ்சுகிறது, அது பரிசோதனை. புராஸ்டேட் தொல்லையோடு மருத்துவமனைக்குப் போகிறவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கிறது, ஸ்கேன் எடுக்கப்படுகிறது, அறுவைக்கு முன் பைக்குள் குழாய்க் கேமரா நுழைகிறது. தொல்லையே இல்லாதவருக்கு இவற்றில் ஒன்றும் நடப்பதில்லை. தேடிய வீட்டில் பொருள் கிடைப்பதைக் கொண்டு, தேடாத வீட்டில் பொருள் இல்லை என்று முடிவுகட்டும் இந்தப் பிழையைக் கண்டறிதல் சாய்வு என்பார்கள்.

இந்தச் சாய்வை அடையாளம் காண உதவும் ஆய்வுகளில் ஒன்று சுவீடனிலிருந்து 2007இல் வந்தது. புராஸ்டேட் வீக்கத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 79,000 ஆண்களை அந்நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடியிருக்கவில்லை. குழாய் வழியே புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் அறுவை செய்துகொண்டவர்களிடம், குறிப்பாக வேறு சிறுநீர்ப்பாதைக் கோளாறுகளும் இருந்தவர்களிடம் மட்டும் ஓரளவு உயர்வு தெரிந்தது. அறுவையே குற்றவாளி என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரமாகும்; நெடுநாள் அடைப்பும் தேக்கமும் தொற்றும் மிகுந்தவர்களே அந்த அறுவை வரை வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சாதாரண வீக்கம் உள்ள பெருந்திரளுக்கு அஞ்சத் தக்க உயர்வு இல்லை, கவனிக்கப்படாமல் விட்ட அடைப்பு வேறு கதை என்பதே இன்றைய நிலையில் நேர்மையான வாசிப்பு.

தேக்கத்தைச் சாராத இன்னொரு பாதையும் ஆராயப்பட்டுவருகிறது. உலக அளவில் 2022இல் புதிதாகக் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 6,14,000 சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளில் ஆண்கள் பெண்களைப் போல் மூன்று மடங்குக்கு மேல். புகைப்பழக்கத்தின் வேறுபாடு இந்த இடைவெளியை முழுதாக விளக்கவில்லை. 2007இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் பல்கலைக்கழகக் குழுவொன்று எலிகளுக்கு நைட்ரோசமைன் வகை நஞ்சு ஒன்றைக் கொடுத்தபோது, சாதாரண ஆண் எலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் புற்றுநோய் கண்டது, பெண் எலிகளில் பாதிக்கும் குறைவாகவே கண்டது, ஆண் ஹார்மோனை ஏற்கும் ஏற்பி நீக்கப்பட்ட எலிகளில் ஒன்றுக்குக்கூட வரவில்லை. புராஸ்டேட்டைப் பெருகச் செய்யும் அதே ஹார்மோன் பையின் சுவரிலும் கை வைக்கிறது என்றால், இரு நோய்களும் ஒன்றுக்கொன்று தாயும் பிள்ளையுமாக இராமல் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கக்கூடும். டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் உருவாவதைத் தடுக்கும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையை உட்கொண்டதாகச் சொன்ன ஆண்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்ததை, 72,000க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்களின் பதிவுகளைக் கொண்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அந்தப் பதிவுகள் வேறொரு நோக்கத்துக்காகத் திரட்டப்பட்டவை என்பதால், புற்றுநோயைத் தடுப்பதற்கென்று யாரும் இம்மாத்திரையைப் பரிந்துரைப்பதில்லை.

புள்ளிவிவரங்களின் சச்சரவுக்கு வெளியே, உடற்கூற்றியல் சார்ந்த ஒரு நேரடி ஆபத்தும் உண்டு. அடைப்பால் பிதுங்கிய பக்கப்பையின் சுவரில் தசை இல்லை. சாதாரண இடத்தில் தோன்றும் கட்டி, பையைத் துளைத்து வெளியே போவதற்கு முன் தடித்த தசை அடுக்கைக் கடந்தாக வேண்டும். பக்கப்பைக்குள் தோன்றுவதற்கு அந்த மதில் கிடையாது. நோயின் பரவலைப் படிநிலைகளாகப் பிரிக்கும் முறையில், பக்கப்பைக் கட்டிக்குத் தசையைத் தொட்ட இரண்டாம் நிலை என்பதே இல்லாமல், முதல் நிலையிலிருந்து நேரே மூன்றாம் நிலை எழுதப்படுகிறது.

இரத்தத்துக்குச் சொல்லப்படும் சமாதானங்கள்

சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு முதல் அறிகுறி வலியில்லாமல் சிறுநீரில் வரும் இரத்தம். அது தினமும் வருவதில்லை என்பதுதான் இந்நோயின் சூழ்ச்சி. ஒரு நாள் பீட்ரூட் சாறு போல வந்துவிட்டு, அடுத்த மூன்று மாதம் தெளிவாகப் போகலாம். நின்றுபோன இரத்தம் குணமான நோயாகக் கொள்ளப்படுகிறது. சூடு என்று சொல்லி இளநீரும் நீர்மோரும் குடித்ததால் நின்றது என்று வீட்டிலும், தொற்று என்று கொடுத்த ஆன்டிபயாட்டிக்கால் நின்றது என்று மருந்துக் கடையிலும் கணக்குத் தீர்க்கப்படுகிறது. மருந்து கொடுக்காதிருந்தாலும் அது அன்று நின்றிருக்கும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. இதய நோய்க்காக ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ உட்கொள்பவரானால் பழி அதன்மேல் விழும். அந்த மாத்திரைகள் இருந்த புண்ணிலிருந்து இரத்தத்தை வெளிப்படுத்தும், இல்லாத புண்ணை உண்டாக்குவதில்லை. ஆகவே மாத்திரையைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று யூராலஜி வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே சொல்கின்றன.

இந்தச் சமாதானங்களில் மிகவும் வலுவானது புராஸ்டேட். வலுவாக இருப்பதற்குக் காரணம், அது பல சமயம் உண்மையாகவும் இருப்பதே. பெருத்த சுரப்பியின் மேற்பரப்பில் நெளியும் இரத்தக் குழாய்கள் வெடித்து இரத்தம் வருவது உண்டு. அதை ஃபினாஸ்டெரைடு கட்டுப்படுத்துவதும் உண்டு. ஆனால் பையில் வேறொன்றும் இல்லை என்று உள்ளே பார்த்து உறுதிசெய்த பிறகு வர வேண்டிய முடிவு அது. ஏற்கெனவே வீக்கம் என்று எழுதப்பட்ட சீட்டு கையில் இருக்கும்போது, புதிதாக வரும் எந்த அறிகுறியும் அந்தப் பழைய பெயரின் கீழேயே வரவு வைக்கப்படுகிறது.

இரத்தமே வராத வகை ஒன்றும் உண்டு, அது இன்னும் சிக்கலானது. கட்டியாக எழும்பாமல் சவ்வின் மேல் தட்டையாகப் படரும் புற்றுநோய், அடிக்கடி போக வேண்டிய உணர்வையும், அடக்க முடியாத அவசரத்தையும், எரிச்சலையும் மட்டுமே தரக்கூடும். தொடக்கத்தில் சொன்ன அட்டவணையில் இந்நோய் உள்ளவருக்கும் நல்ல மதிப்பெண் கிடைக்கும். புராஸ்டேட் தொல்லைக்கான டாம்சுலோசின் மாத்திரை எழுதிக் கொடுக்கப்படும், இரண்டு மாதம் கழித்து மருந்து மாற்றப்படும், அதன் பின் அளவு கூட்டப்படும். மருந்துக்கு மசியாத தொல்லையைப் புராஸ்டேட்டின் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாமல் சிறுநீரைச் செல் பரிசோதனைக்கு அனுப்பினால், உதிர்ந்த செல்களில் இவ்வகைப் புற்று பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை தரும் பொய்யான நிம்மதியையும் இங்கே சேர்க்க வேண்டும். அது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு. சிறுநீர்ப்பையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சீட்டில் பிஎஸ்ஏ சரியாக இருக்கிறது, ஆகவே கேன்சர் இல்லை என்று வீட்டுக்குத் திரும்புகிறவர், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் தன் வீட்டில் யாருமில்லை என்று நம்புகிறார். ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. நீர் நிறைந்த பையில் ஒரு சென்டிமீட்டர் கட்டி நன்றாகத் தெரியும். சில மில்லிமீட்டர் அளவுள்ளதும் தட்டையானதும் தப்பிவிடும். புராஸ்டேட்டின் நடுமடல் பைக்குள் துருத்திக்கொண்டிருந்தால், அதையே கட்டி என்று கருதுவதும், அதன் நிழலில் இருக்கும் கட்டியை மடல் என்று விட்டுவிடுவதும் நேர்வதுண்டு.

1877இல் மாக்ஸ் நிட்ஸே டிரெஸ்டன் நகரில் செய்து காட்டிய சிறுநீர்ப்பை உள்நோக்கியின் வழித்தோன்றலான சிஸ்டோஸ்கோப்பியே கடைசி வார்த்தை சொல்கிறது. மரத்துப்போகும் ஜெல்லை இட்டு, பென்சிலைவிட மெல்லிய வளையும் குழாயை உட்செலுத்தினால், முதலில் திரையில் தெரிவது இருபுறமிருந்தும் அழுத்தும் புராஸ்டேட் மடல்கள். அவற்றைக் கடந்ததும் பை விரிகிறது. ஆழத்துக் கடல்பாசி போல மெல்லிய காம்பில் அசைந்தாடும் வெளிர்சிவப்புக் கட்டி அங்கே இருந்தால் அதைத் தவறவிடுவது கடினம். முழுச் சோதனையும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டொரு நாள் எரிச்சல் இருக்கும்.

கண்டறியப்படுபவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தசையைத் தொடாத நிலையிலேயே இருக்கும். அவற்றைக் குழாய் வழியே சுரண்டி எடுத்த பின், மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு மிகுந்தவற்றுக்குப் பிசிஜி மருந்தைப் பைக்குள் செலுத்துகிறார்கள். 1976இல் கனடாவின் கிங்ஸ்டனில் ஆல்வரோ மொராலிஸ் ஒன்பது நோயாளிகளிடம் பெற்ற பலனை வெளியிட்டது முதல் இதுவே முதன்மைச் சிகிச்சை. வாரம் ஒன்றாக ஆறு வாரம் என்ற கணக்கு இன்றும் மாறவில்லை, அன்று அவருக்குக் கிடைத்த மருந்துப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தன என்பதும் அந்தக் கணக்குக்கு ஒரு காரணம். காசநோய்க்கான இந்தத் தடுப்பு மருந்தைத் தயாரிக்க 1948இல் சென்னை கிண்டியில் நிறுவப்பட்ட ஆய்வகம், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான 40 மில்லிகிராம் வடிவத்தையும் தயாரித்தது. செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய மாபெரும் சோதனையில் பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுக்கவில்லை என்று முடிவான மருந்து, தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத உறுப்பில் இப்படிப் பேர் வாங்கியது மருத்துவ வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

இரு நோய்களும் ஒருவரிடமே இருக்கும்போது அறுவை மேசையில் ஒரு பழைய தயக்கம் எழுவதுண்டு. கட்டியைச் சுரண்டும்போது நீரில் மிதக்கும் புற்றுச் செல்கள், அதே வேளையில் சுரண்டப்பட்டுப் புண்ணாக இருக்கும் புராஸ்டேட் படுகையில் ஒட்டி முளைத்துவிடுமோ என்ற அச்சத்தால், முதலில் கட்டியை மட்டும் எடுத்து, அடைப்புக்கான அறுவையை மாதக்கணக்கில் தள்ளிவைப்பது முன்பு வழக்கமாக இருந்தது. தசையைத் தொடாத கட்டிகளில் இரண்டையும் ஒரே அமர்வில் செய்தவர்களையும் தனித்தனியே செய்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள், அப்படுகையில் புற்று கூடுதலாக முளைக்கவில்லை என்றே பெரும்பாலும் காட்டியுள்ளன. இன்று பல அறுவை மருத்துவர்கள் கட்டியை முழுதாக எடுத்து, பையை நன்றாகக் கழுவிவிட்டு, அதே மயக்கத்தில் புராஸ்டேட்டுக்குத் திரும்புகிறார்கள். நோயாளி மூன்று மாதம் கழித்து முதல் கண்காணிப்புச் சிஸ்டோஸ்கோப்பிக்கு வரும்போது, குழாய் தடையின்றி உள்ளே போகிறது.